பேரின்பத்தின் முள்ளுக்காவடி

என் தம்பி பேரின்பத்தோடு ஒரு பயணம் போவதென்றால் எனக்கு விசர் பிடிக்கும். எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. மட்டக்களப்புக்குப் போக முதலில் வாவியைக் கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மோட்டார் சைக்கிளும் நெல்மூட்டையும் ஆட்களும் ஒன்றாகப் போவோம். அக்கரை தட்டியதும் எல்லாரும் முண்டியடித்து இறங்கி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். இவன் மட்டும் பின்னால் நின்று யாரோ ஒருத்தியின் பையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பான். பஸ் போய்விடும்.

"நீ எப்பதான்டா முன்னுக்கு வரப் போறாய்?" என்று கத்துவேன்.

"விடு அக்கா, அடுத்த பஸ் வரும்தானே" என்று சிரிப்பான்.

சின்ன வயதிலும் அப்படித்தான். எல்லாரும் தின்ற பிறகு சட்டியில் என்ன மிஞ்சுகிறதோ அது அவனுக்கு. அம்மா அதைப் பெருமையாகச் சொல்வாள். எனக்கு அது பெருமையாகத் தெரிந்ததே இல்லை. விட்டுக்கொடுக்கிறவன் தலையில்தான் ஊர் மிளகாய் அரைக்கும் என்று நினைப்பவள் நான். என் பெயர் சோதிமலர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைக்கிறேன். எனக்கு வாய் நீளம். அதை மற்றவர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

பேரின்பம் களுவாஞ்சிக்குடிப் பக்கம் கலியாணம் செய்து போனவன். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கென்று வீடு கிடையாது. கட்டும்வரை தாய் வீடு, கட்டிய பிறகு பெண்டாட்டி வீடு. அந்த வீட்டுக்குக் கூரை போட வேண்டுமென்று கட்டாருக்குப் போனான். ஒன்பது வருடம் அங்கே குளிரூட்டிக் குழாய் பொருத்தினான். விசா புதுப்பிக்க இரத்தம் சோதித்தபோது எச்.ஐ.வி. என்று வந்தது. உடுத்த உடுப்போடு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். எப்படி வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் அவனிடம் கேட்கவில்லை. வந்தது, அவ்வளவுதான். நல்ல காலம், அவன் மனைவிக்கு இரத்தத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டார் அவனுடைய பெட்டியைப் படலைக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தான். அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. என் புருசன் முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் மகன் நிதுர்ஷனும்தான் இருந்தோம். நிதுர்ஷனுக்கு அப்போது இருபது வயது. ஊருக்கு, தம்பிக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று சொல்லிவைத்தேன். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள் வீட்டில் அந்த வருத்தம் என்று தெரிந்தால் எந்தத் தாய் என் கையால் பிள்ளைக்குச் சோறு தின்ன விடுவாள்? நானும் ஒன்றும் பெரிய தியாகி இல்லை. அவனுக்கென்று தனிச் சோற்றுக் கோப்பை, தனித் தம்ளர் வைத்தேன். அவன் அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் அதில் போட்டுத் தின்றான்.

மட்டக்களப்பில் அவனைப் பார்த்த கிளினிக்கில் றிஸானா என்று ஒரு நர்ஸ். ஏறாவூர்க்காரி. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நான் தனிக் கோப்பை வைத்த கதை தெரிந்ததும் என்னைப் பிடித்து உலுப்பிவிட்டார். "அல்லாவே, அக்கா! சோத்துல வாற வருத்தமா இது? ஒரே கோப்பைல தின்னுங்க, ஒண்டும் ஆகாது. இரத்தத்துலதான் கவனம் வேணும். பிளேடு, ஊசி, அதுமாதிரிச் சாமானுலதான் பயம்." எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. என் வாய்க்குச் சமமாக வாய் கொடுக்கக்கூடிய ஆள் கிடைப்பது அரிது.

கிளினிக்கில் தந்த குளிசையை விழுங்கத் தொடங்கி ஒரு வருடத்தில் பேரின்பம் தேறி ஆளாகிவிட்டான். வயல்காரர்களின் தண்ணீர்ப் பம்பு, பாதை மிதவையின் இயந்திரம், எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். என் முற்றம் முழுக்க எண்ணெய். நான் திட்டுவேன், அவன் மண் அள்ளிப் போட்டு மூடுவான். இன்னும் முப்பது வருடம் இருப்பான் என்றுதான் நினைத்தேன். றிஸானா மிஸ்ஸும் அப்படித்தான் சொன்னார்.

பிறகு ஒருமுறை சோதித்தபோது அவனுடைய சிறுநீரகம் பலவீனம் என்று தெரிந்தது. ஒரு குளிசையை மாற்றினார்கள். அன்றைக்கு மிஸ் எங்கள் இருவரையும் இருத்திவைத்துச் சொன்னார். "அந்தப் பழைய குளிசை ஈரலுக்கும் காவல். ஹெப்படைட்டிஸ் பி எண்டு ஒரு கிருமி இரிக்கி, ஈரலத் திண்டுரும். இதுவும் இரத்தத்தாலதான் வாற. புதுக் குளிசைல அந்தக் காவல் காணாது. அதனால ஊசி போடணும். இண்டைக்கு ஒண்டு, அடுத்த மாசம் ஒண்டு, ஆறாம் மாசம் ஒண்டு. மறுகா இரத்தம் எடுத்துப் பாக்கணும். உங்கட உடம்புல சில நேரம் ஊசி சரியாப் புடிக்காது. புடிக்கல்ல எண்டா திரும்பப் போடுவம்."

"ஏன் மிஸ், கட்டார் போகக்குள்ளயே இதப் போட்டிரிக்கலாமே?" என்று பேரின்பம் கேட்டான்.

"போட்டிரிக்கலாம் அண்ணன். இப்பவாவது போடுவம்" என்றார் மிஸ்.

இரண்டு ஊசி ஒழுங்காகப் போட்டான். மூன்றாவது ஊசி வைகாசியில். இங்கேதான் நான் வருகிறேன்.

கட்டாரிலிருந்து எலும்பும் தோலுமாக அவன் வந்த நேரம், எங்கள் காளியம்மன் கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். ஆள் பிழைத்தால் முள்ளுக்காவடி எடுப்பிக்கிறேன் என்று. முதுகுத் தோலில் வெள்ளி முட்களைக் கொழுவி, கயிறு கட்டிப் பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க, கோயிலை ஆடிச் சுற்றி வருவது. வருடம் மூன்று கடந்தும் நேர்த்தி கிடந்தது. முந்தின வருடம் கோயில் சடங்கில் தெய்வமாடிய பூசாரியார் என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். அம்மாள் நேர்த்தியைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை. அந்தக் கோயிலில் முதற் காவடி எங்கள் குடிக்குரியது. குடி என்றால் தாய்வழி வருவது, மாமனுக்குப் பிறகு மருமகனுக்கு. எங்கள் மாமா செத்த பிறகு எங்களில் யாரும் எடுக்கவில்லை. வேறு குடிக்காரர் முதலில் எடுத்தார்கள். பன்னிரண்டு வருடமாக அதை நான் வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன். என் தம்பி முதல் ஆளாக நிற்பதை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வைகாசிச் சடங்கு எட்டு நாள். முதல் நாள் காப்புக் கட்டினால் எட்டாம் நாள் வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. இரண்டாம் நாளில்தான் மூன்றாவது ஊசி.

"அக்கா, காப்ப இந்த முற விடுவமே" என்றான். "மிஸ் இந்த ஊசி முக்கியம் எண்டு சொன்னா."

"வாயக் கழுவுடா! நேர்த்தி கிடக்கக்குள்ள காப்ப விடுறதா?"

"அப்ப கட்டிப்போட்டு ஒருக்காப் போய் ஓடி வந்திடுறன்."

"காப்போட ஆஸ்பத்திரிக்கா? சாவும் பிள்ளப்பேறும் நடக்கிற இடம், துடக்குடா! அம்மாள் சும்மா விடுவாளா? எட்டு நாள் பொறுத்தா ஊசி எங்க ஓடப்போகுது?"

அவன் தலையைச் சொறிந்தான். மற்றவனுக்கு விட்டுக்கொடுக்கிறவன் அக்காவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டானா? "சரி அக்கா" என்றான்.

கிளினிக்கில் கொடுத்திருந்தது என் தொலைபேசி இலக்கம். மூன்றாம் நாள் றிஸானா மிஸ் அழைத்தார். காப்புக் கதையைச் சொன்னேன்.

"காப்புக் கட்ட முந்தி ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அதுக்கு முந்தியே போட்டிரிப்பனே அக்கா. சரி, சடங்கு முடிஞ்ச அண்டைக்கே அனுப்புங்க. சுணங்கினாலும் முதல்ல இரிந்து துடங்கத் தேவல்ல. ஆனா விட்டுராதீங்க."

"ஓம் மிஸ், ஓம்" என்றேன்.

முள்ளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறந்து அல்ல. சொன்னால் தடுப்பார் என்று எனக்குத் தெரியும். பிளேடு, ஊசி என்று அவர் சொன்னது என் காதில் இருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரி ஊசி, இது அம்மாளின் முள் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். பூசாரியார் விபூதி போட்டு, மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் விட்ட தண்ணீரில் அலசித்தான் ஏற்றுவார். எங்கள் ஊரில் அந்த முள்ளில் ஒருவருக்கும் ஒன்றும் வந்ததில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். யார் சோதித்துப் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. இப்போது கேட்கிறேன் இந்தக் கேள்வியை.

எட்டாம் நாள் ஆறு பேர் காவடிக்கு நின்றார்கள். கோயிலில் ஒரு கட்டு முள்தான். பதினாறு முள். ஒருவர் சுற்றி வந்ததும் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் அலசி, அடுத்தவருக்கு. பூசாரியார் எங்கள் குடியைச் சொல்லிக் கூப்பிட்டார். பறை ஓங்கியது. எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணீர் வந்தது. அப்போது இவன் ஓரடி பின்னால் வைத்தான்.

"நான் கடைசியா எடுக்கிறன்" என்றான்.

பூசாரியார் மறுபடி கூப்பிட்டார். இவன் கையெடுத்துக் கும்பிட்டுத் தலையை ஆட்டினான். பிறகென்ன, மற்றக் குடிக்காரன் முன்னால் வந்து முதுகைக் கொடுத்தான். சனத்துக்குள் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் கோயில் என்றும் பார்க்கவில்லை.

"அடேய், மானத்த வாங்கிப்போட்டியேடா! பிறந்த நேரத்திலிருந்து இதே பழக்கம்! கோயில்லயுமா பின்னுக்கு நிப்பாய்?"

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து பேரும் எடுத்து முடித்த பிறகு முதுகைக் காட்டினான். பதினாறு முள்ளும் ஏறின. முகம் சுளிக்காமல் ஆடினான். சடங்கு முடிந்ததும் அந்த முட்களை அவனே வாங்கிக்கொண்டு போனதாகவும், பத்தரிடம் சொல்லி வெள்ளியில் புதுக் கட்டு ஒன்று செய்வித்துக் கோயிலுக்குக் கொடுத்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல் மரியாதையை விட்டுவிட்டு முள் செய்து கொடுக்கிறானாம், பெரிய வள்ளல்.

ஒரு மாதத்துக்கு மேல் அவனோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவேன். கதைத்திருந்தால் "ஊசிக்குப் போனியா?" என்று கேட்டிருப்பேன். கேட்கவில்லை. அவன் முதுகுப் புண்ணை மிஸ் கண்டால் ஏசுவார் என்று பயந்து, ஆறட்டும் என்று இருந்துவிட்டான். பிறகு வயலுக்குப் பம்பு வேலை வந்தது. குளிசையை மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள், அதற்கென்றும் போகத் தேவை வரவில்லை. மிஸ் இரண்டு தரம் அழைத்தார். முதல் தரம் நான் சமையலில் நின்றேன், எடுக்கவில்லை. இரண்டாம் தரம், "வருவான் மிஸ்" என்று வைத்துவிட்டேன்.

ஆவணி பாதியில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பம்புக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தான். கண்ணைப் பார்த்தேன், மஞ்சள். செங்கமாரி என்று நினைத்துக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தேன். ஐந்து நாள் அதிலும் போனது. ஆறாம் நாள் பாதையில் ஏற்றிக் கொண்டுபோனேன். அன்றைக்கும் அவன் கடைசியாகத்தான் இறங்கினான். நடக்க முடியவில்லை.

றிஸானா மிஸ் அவன் கண்ணைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டார். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று கதவைச் சாத்திவிட்டு எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஹெப்படைட்டிஸ் பி. புதுசா வந்திரிக்கி. அண்ணன், இந்த மூணு நாலு மாசத்துக்குள்ள வேற யாருட இரத்தமாவது உங்களுல பட்டிச்சா? சவரம்? ஊசி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"முள்ளுக்காவடி எடுத்தன் மிஸ்" என்றான். "அஞ்சு பேருக்குப் புறகு."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் அண்ணன், கடைசியா?"

"முன்னுக்கு எடுத்தா, என்ட முதுகுல ஏறின முள்ளு மற்ற ஆக்களுக்கெல்லாம் ஏறுமே மிஸ். அந்தப் பொடியனுகள் என்ன பாவம் செஞ்சானுகள்? பழைய முள்ள வாவிக்குள்ள போட்டுட்டன். புதுசு செய்விச்சு வெச்சிரிக்கன்."

நான் அந்தக் கதிரையிலேயே செத்துப் போயிருக்க வேண்டும். இத்தனை சனத்துக்கு முன்னால் நான் ஏசியபோது அவன் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் காதில் மட்டும் சொல்லியிருந்தாலும் போதும். சொல்லவில்லை. மற்றவனுக்கு இவனிடமிருந்து எதுவும் போகக் கூடாது என்று யோசித்தான். மற்றவனிடமிருந்து இவனுக்கு வரும் என்று யோசிக்கவில்லை. அதை யோசிக்க வேண்டியவள் நான். அதற்கான காவல் ஊசியைத் துடக்கென்று சொல்லி மறித்தவளும் நான்.

"அந்த ஊசியப் போட்டிரிந்தா மிஸ்?" என்று கேட்டேன்.

மிஸ் என் கையைப் பிடித்தார். "போட்டிரிந்தாலும் புடிச்சிரிக்குமா எண்டு உறுதியாச் சொல்ல ஏலா அக்கா. காவடி எடுத்த அடுத்த நாள் வந்திரிந்தாலும் ஏதும் செஞ்சிரிக்கலாம். இப்ப அதக் கதைச்சு என்ன? மருந்து துடங்குவம்."

என்னை ஆற்றத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மருந்து கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது, டாக்டர்மார் பாடுபட்டார்கள். ஆனால் ஈரல் வேகமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாட்டில் பத்தொன்பது நாள் கிடந்தான். வயிறு வீங்கி, நினைவு வந்தும் போயும் இருந்தது. ஒரு பின்னேரம் தெளிவாக இருந்தான். என்னைக் கிட்டக் கூப்பிட்டான்.

"அக்கா, முன்னுக்கு எடுத்த அஞ்சு பேரையும் இரத்தம் பாக்கச் சொல்லு. அதுல ஒராளுக்கு இரிக்கி. அவனுக்கே தெரியாது."

"ஓம்டா."

"அடுத்த சடங்குக்கு ஆளுக்கொரு கட்டு முள்ளு எண்டு கோயில்ல சொல்லிப்போடு. ஏன் எண்டு கேட்டா, என்ட வருத்தத்தச் சொல்லு. நான் செத்த ஆள்தானே, எனக்கென்ன வெக்கம்?"

"சும்மா இரு, நீ சாக மாட்டாய்" என்று அழுதேன்.

"சொல்லுவாய்தானே?"

"சத்தியமாச் சொல்லுவன்டா."

அவன் என் கையைத் தட்டிக் கொடுத்தான். இரண்டு நாளில் போய்விட்டான். களுவாஞ்சிக்குடியிலிருந்து அவன் மனைவி வந்து கால்மாட்டில் நின்று அழுதுவிட்டுப் போனாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் வீட்டார் செய்தது பெட்டியை வெளியே வைத்தது மட்டும்தான்.

முப்பத்தோராம் நாளோடு துடக்குக் கழிந்தது. அந்த ஐந்து பேரிடமும் போகவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன். அதில் ஒருவனுடைய பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் என் கையால் தின்கிறவர்கள். என்னவென்று தொடங்குவது? நாளை, நாளை என்று வைகாசி வந்துவிட்டது.

சடங்குக்கு முன் கோயில் கூட்டம். கோயிலைப் பார்க்கும் பெரியவரை நாங்கள் வண்ணக்கர் என்போம். அவர் எல்லாம் பேசி முடித்து, "யாருக்கும் ஏதும் சொல்ல இரிக்கா?" என்று கேட்டார். நான் எழும்பினேன்.

"இந்த முற ஆளுக்கொரு கட்டு முள்ளு வெச்சா என்ன?" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்ணக்கருக்குக் கோபமில்லை, புதினமாகத்தான் கேட்டார். "ஏன் புள்ள? அம்மாளுட முள்ளுல என்ன குற கண்டாய்?"

சொல்ல வேண்டிய வசனத்தை ஆறு மாதமாக மனதில் பாடமாக்கி வைத்திருந்தேன். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் என் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் ஒரு குழந்தை. என் மகனுக்குச் செங்கலடியில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. ஊரையே வாயால் வெட்டுகிற எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது.

"ஒண்டுமில்ல. புதுசா இரிந்தா நல்லம் எண்டுதான்" என்றேன்.

"புதுசுதானே இரிக்கி. உன்ட தம்பி செய்விச்சுத் தந்ததுதான், எல்லாருக்கும் அதக் கொண்டே செய்வம். புண்ணியவான் அவன்" என்றார் வண்ணக்கர். பிறகு நிதுர்ஷனைப் பார்த்தார். "மாமன்ட உரிம மருமகனுக்குத்தான். முதற் காவடி உனக்கு. எடுக்கிறியா மனே?"

நிதுர்ஷன் என்னிடம் கேட்கவுமில்லை. "எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டான்.

எட்டாம் நாள் என் மகன் முதல் ஆளாக நின்றான். பதின்மூன்று வருடமாக நான் ஆசைப்பட்ட காட்சி. ஒருவர் முதுகிலும் ஏறாத பதினாறு முட்களும் அவன் முதுகில் ஏறின. என் பிள்ளைக்குப் பயமில்லை, அவன் முதல் ஆள் என்று என் நெஞ்சு ஆறியது. ஆறியது என்றுதான் சொல்கிறேன். அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

சுற்றி வந்ததும் முட்களைக் கழற்றினார்கள். பூசாரியார் அவற்றை மஞ்சள் தண்ணீரில் அலசி அடுத்தவனின் முதுகுக்குக் கொண்டுபோனார். நான் என் மகனின் முதுகைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.